கண்ணாடியில் ஊரும் கோடு

சர்க்கரை கேட்கத்தான் வந்தேன்; தையல்காரி வீட்டுச் சண்டை காதில் விழுந்ததும் ஜன்னலுக்கு வெளியே, சும்மா, நிற்கிறேன். மதியம் கொடுக்கவேண்டிய கல்யாண கவுன் ஜன்னல் கொக்கியில் தொங்குகிறது. அதன் கருநீலத் தோளில் பசை காய்ந்ததுபோல் பளபளவென்று ஒரு கோடு.

"வயித்தெரிச்சல் பிடிச்சவளே, பசையை ஊத்துனது நீதானே?" என்று தையல்காரி நாத்தனாரைப் பிடித்து உலுக்குகிறாள். "உன்னை வீட்டுல வச்சேன் பாரு!" நாத்தனார் கையை உதறிவிட்டு, தன் பெட்டியில் துணி அடுக்குகிறாள்.

என் மூக்குக்கு நேரே, கண்ணாடியின் உள்பக்கம், ஒரு நத்தை. அடிவயிறு முழுக்க ஒரே பாதம். வாலிலிருந்து தலைக்கு மெல்லிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. எதையும் தூக்கி வைக்காமலே அது வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. அதன் பின்னால் ஈரக்கோடு இறங்கி, கொக்கியைச் சுற்றி, கவுனின் தோள்வரை போகிறது. ஒட்டுக்கேட்டது தெரிந்தால் தெரியட்டும் என்று கண்ணாடியைத் தட்டிக் காட்டுகிறேன்.

தையல்காரியின் வாய் திறந்தபடி நின்றுவிடுகிறது. நாத்தனார் அருகில் வந்து, நத்தையையும் கோட்டையும் நிதானமாகப் பார்க்கிறாள்.

"இதையும் நான்தான் ஏத்திவிட்டேனா, அண்ணி?"

நாத்தனார் திரும்பிப் போய், பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடுகிறாள்.