தானாக விழுந்த கண்ணாடி

"பாப்பா கழுத்துல குத்துன கண்ணாடிய யாரு புடுங்குனது?" என்று ஆபரேஷன் தியேட்டர் வாசலில் டாக்டரம்மா கேட்டார். கிழவர் இருசப்பன், "அதுவா விழுந்துடுச்சு" என்றார். உண்மையைச் சொன்னால் பழியை இவர் தலையில் கட்டிவிட்டுக் கை கழுவிவிடுவார்கள். டாக்டர்களை அவர் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை.

"விழாம இருந்திருக்கலாம் பெரியவரே. அறுந்த ரத்தக்குழாய அந்தத் துண்டுதான் அடைச்சிட்டிருந்திருக்கும். இப்ப கால்லருந்து குழாய எடுத்து ஒட்டுப்போடணும்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

குத்தியதை உள்ளே விட்டால் சீழ் வைக்கும் என்றுதான் கிழவர், ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுந்த பேத்தியின் கழுத்திலிருந்து அதைப் பிடுங்கினார். ரத்தம் அவர் முகத்திலேயே பீறிட்டது. மருமகள் செல்வராணி அப்போது ஆட்டோ பிடிக்க ஓடியிருந்தாள்.

"நல்லவேள மாமா, நீங்களாவது கூட இருந்தீங்க" என்று அவள் இப்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவளுக்கு எதுவும் தெரியாது. ஆனால் பிள்ளைக்குத் தெரியும். "வேணாந்தாத்தா, அம்மா வரட்டும்" என்று அவர் பிடுங்கப் போனபோதே அது அவர் கையைத் தள்ளியிருந்தது. அந்தப் பிள்ளை கண் விழித்து, எல்லாரும் சுற்றி நிற்கும்போது, "தாத்தாதான் புடுங்குச்சு" என்று சொல்லிவிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.