ஆபீஸ் நாற்காலி

ரப்பர்த் தோட்டத்தின் பால்வெட்டு வேலையை வெளிக் கண்ட்ராக்டரிடம் விடத் துரை அமைத்த குழுவில், வெட்டாட்களை மேய்க்கும் மண்டோர் அம்மாசியும் இருக்கிறார். முப்பது வருஷமாக ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றே பேசியவருக்கு இன்று உள்ளே நாற்காலி. அதன் நுனியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, எந்த நிரையில் எத்தனை மரம் என்று ஒப்பிக்கிறார். கிராணி வால்டர் அலுப்போடு டைப் அடிக்கிறார். காற்றாடி சுற்றியும் காகிதம் வேர்வையில் கையோடு ஒட்டுகிறது. துரை எழுதிக்கொடுத்த தாளின் கடைசி வரியை வால்டர் காலையிலேயே படித்துவிட்டார்: மண்டோர் வேலையும் கண்ட்ராக்டருக்கே. “வேற என்னா சொல்லணும், கிராணியாரே?” வால்டர் அந்த வரியின்மேல் உள்ளங்கையை வைக்கிறார். “ஒண்ணும் இல்லலா, மண்டோரே. கோப்பி ஆறுது, குடிங்க. நல்லா சாஞ்சு உக்காருங்க.”