மந்திரிச்சுட்டு வரேன்

ஊர்ப்பெயர் சரியாக நினைவில்லை, ஜெயங்கொண்டம் பக்கம்தான். பெற்றோரிடம் கருத்துக் கேட்கும் கணக்கெடுப்புக்கு வந்திருந்தாள் அனுசுயா.

"பிள்ளை யார்கிட்டயும் பேசாம பயந்துகிட்டே இருந்தா, மனநல டாக்டர்கிட்ட காட்டுவீங்களா?"

மணிமொழி கணவனைப் பார்த்தாள். "எங்க பொண்ணு அப்படித்தாங்க இருக்கா. வெள்ளிக்கெழமயானா கூட்டிட்டுப் போயி மந்திரிச்சுட்டு வரேன். டாக்டரெல்லாம் வேணாங்க."

"எம்பொண்ணு என்ன பைத்தியமா?" என்று சீறிய ராஜராஜன் வெளியே போனான்.

மணிமொழி கிசுகிசுத்தாள். "டாக்டர்கிட்டதாங்க போறோம். அவருக்குத் தெரிஞ்சா வூட்டுல ரகளைதான்."

தெருமுனையில் ராஜராஜன் நின்றிருந்தான்.

"டாக்டர்கிட்ட போறது எனக்குத் தெரியும்ங்க. பஸ் கண்டக்டர் எம்பங்காளி. மொதல்ல அவ டாக்டர் பேச்ச எடுத்தப்ப அவ்வளவு கத்திட்டு, இப்ப எந்த மூஞ்சிய வச்சுகிட்டு சரின்னு சொல்றது? அவகிட்ட சொல்லிடாதீங்க, பயந்து நிறுத்திடுவா."

இருவரையும் 'விருப்பமில்லை' என்றே பதிந்தாள் அனுசுயா. மணிமொழி இன்னும் மந்திரிக்கப் போவதாகத்தான் சொல்கிறாள். ராஜராஜன் பஸ் ஏற்றிவிடுகிறான். மகள் பள்ளியில் பேச ஆரம்பித்துவிட்டாள்.