சிவக்காத கிணறு

"மூணாவது தபாவும் பச்சைதானா? விடுக்கா, கிணத்துல ஈயம் இல்ல" என்றாள் உடன் வேலை பார்க்கும் ஷோபனா.

"இல்லாம எங்க போவும்? எம்பொண்ணு ரத்தத்துல ஈயம் ஏறிக்கிச்சுன்னு டாக்டரு எழுதியே குடுத்துட்டாரு. நாலு வயசுப் புள்ள உடம்புல அது தானா வந்து குந்திக்குமா?"

செஞ்சியில் அந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பத்து வருடமாக வேலை பார்ப்பவள் நஜ்மா. ஊர்க் கிணறுகளையெல்லாம் சோதித்தவளுக்கு இன்று சொந்த வீட்டுக் கிணறு. பிரிபுனலில் தண்ணீரோடு, குளோரோஃபார்மில் கரைத்த பச்சை மருந்தை ஊற்றிக் குலுக்க வேண்டும். துளி ஈயம் இருந்தால் போதும், மருந்து அதை இழுத்துக்கொண்டு அடியில் இறங்கிச் செக்கச்செவேலென்று ஆகிவிடும்.

குளோரோஃபார்ம் வாசனை தலையைக் கிறக்கியது. ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி மலை மாலை வெயிலில் மிதந்தது. புனலின் பச்சைக்குள் மகள் நிதா நின்றாள். வெள்ளிக்கிழமையாச்சே என்று காலையில் அம்மாவும் மகளுமாகச் சிங்காரித்துக்கொண்ட அதே கோலம். பெரிய கண்ணை உருட்டிச் சிரித்தாள். பாவி மனசு தாங்குமா? நஜ்மா கையுறையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாம் பக்கத்து வூட்டு வெற்றிவேலு பேட்டரி கடையால வந்த வினை. நாளைக்கே மனு குடுத்து இழுத்து மூட வெக்கறேன், பாரு."

"மூணு புள்ளைங்கள வெச்சிருக்கிற மனுசன் வயித்துல அடிக்காதக்கா. வெறும் தண்ணியயும் ஒரு தபா குலுக்கிப் பாத்துடு. ஒப்பிட்டு எழுதணும்ல?"

காய்ச்சி வடித்த தண்ணீர். ஒன்றுமே இல்லாத தண்ணீர். அதற்கு என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது? கையுறை மாட்டாமல், மூடியையும் தேடாமல், விரலாலேயே புனலின் வாயை அடைத்துக் குலுக்கினாள்.

அடியில் இறங்கிய மருந்து மாதுளை முத்தாகச் சிவந்தது.

"இன்னாக்கா இது! வெறும் தண்ணிக்கு ஏது ஈயம்?"

ஷோபனா பதறிப்போய் அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

கண்ணைத் துடைத்த அந்த விரல் நுனியில் கறுப்பாக ஒட்டியிருந்தது சுர்மா மை; கண்ணூறு படக் கூடாதென்று, பிஸ்மில்லா சொல்லி, காலையில் நிதாவின் கண்ணிலும் அவளே தீட்டிவிட்ட அதே சுர்மா.