மூடியில்லாத பேட்டரி

சுந்தர்சிங் பழைய பேட்டரியின் மூடியைத் திருகிக் கழற்றியதுமே சிலுவை சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

திறக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு போ என்று போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கேட்டால்தானே. பழைய பேட்டரியை எடுத்துப்போக வந்த கடைக்காரன் உள்ளே எட்டிப் பார்க்காமல் இருப்பானா?

டார்ச் அடித்துப் பார்த்த சுந்தர்சிங்கின் முகம், எழவு வீட்டுக்கு வந்தவன் முகம் மாதிரி ஆனது.

சமையலறை ஜன்னல் திறந்தே இருந்தது. உள்ளே அவர் மனைவி ஞானசௌந்தரி பயணத்துக்கு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுவண்டியின் பேட்டரி சின்னது, ஃபிரிட்ஜுக்குக் காணாது, அதனால் மாற்றுகிறேன் என்றுதான் சிலுவை அவளிடம் சொல்லியிருந்தார். அது செத்துப்போன விஷயம் மட்டும் அவள் காதில் விழக் கூடாது.

விழுந்தால் பயணம் அம்போ.

ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற இந்த வீட்டுவண்டியைக் கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு சிலுவை வாங்கினார். கட்டில், ஃபேன், சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் உண்டு. உலகத்துத் துறைமுகங்களை எல்லாம் பார்த்த மனுஷன், பெண்டாட்டியை மதுரை தாண்டிக் கூட்டிப்போனதில்லை. அந்த உறுத்தல் அவருக்கு நிறையவே உண்டு.

முதல் பயணம் குற்றாலத்துக்கு. வாகைக்குளம் டோல்கேட்டில் டயர் வெடித்தது. ஆண்டவருக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டு ஞானசௌந்தரி இறங்கினாள். பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் வண்டி முருங்கை மரத்தடியில் கிடந்தது. கோழி அடைந்தது.

கோவாவுக்குப் போய்ச் சவேரியாரின் உடல் இருக்கும் பேழையைப் பார்க்கலாம் என்று ஆசை காட்டித்தான் அவளை மறுபடி சம்மதிக்க வைத்தார். நாளை விடியக் கிளம்ப வேண்டும்.

பேட்டரி விஷயத்தில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசராக இருந்தவர் அல்லவா. லித்தியம் இலேசானது, சீக்கிரம் சார்ஜ் ஏறும், எல்லாம் சரிதான். ஆனால் நம் கையால் பார்த்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை என்று ஆசிட் பேட்டரியாகப் பார்த்து வாங்கினார். துறைமுகப் பக்கத்து உப்புக் காற்றில் முனைகள் பச்சை பூக்காமலிருக்க வாஸ்லின் தடவினார். சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டார். சனிக்கிழமைதோறும் தண்ணீர் மட்டம் பார்ப்பார். குறையவே குறையாது. என் பேட்டரி தண்ணியே குடிக்காதுடே என்று சுந்தர்சிங்கிடம் பெருமையடித்தும் இருக்கிறார்.

அதே சுந்தர்சிங் இப்போது தலையைத் தூக்கி, தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டான்.

"அண்ணாச்சி, கண்ட தண்ணியையும் இதுல ஊத்துனது யாரு? பிளேட்டெல்லாம் செத்துப்போச்சே!"

சமையலறையில் எண்ணெய்ச் சத்தம் நின்றது. ஞானசௌந்தரி முறுக்கு பிழியும் உழக்கோடு வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தில் வாகைக்குளம் டோல்கேட் தெரிந்தது.

சிலுவை முந்திக்கொண்டார்.

"நாந்தாம்ல ஊத்துனேன். டிஸ்டில்டு வாட்டர் தீந்துட்டு. சோம்பேறித்தனத்துல குழாய்த் தண்ணியப் புடிச்சு ஊத்திட்டேன்."

சுந்தர்சிங்கால் நம்ப முடியவில்லை. யாரோ ஒருவன் தன் பேட்டரியில் கேன் தண்ணீரை ஊற்றிக் கடைக்குக் கொண்டுவந்ததற்கு, சம்பந்தமே இல்லாமல் நடுக்கடையில் நின்று அவனை வைத மனுஷன் இவர்.

ஞானசௌந்தரி புருஷனை உற்றுப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. டயர் வெடித்தால் அது ஆண்டவர் செயல். புருஷனுக்குப் புத்தி கெட்டுப்போனால் அது வீட்டு விஷயம், அதற்கெல்லாம் ஆண்டவர் பொறுப்பாக முடியாது.

"கப்பலே எங்கையிலதான் ஓடிச்சின்னு பீத்துனிய. ஒரு பேட்டரிக்குத் தண்ணி ஊத்தத் தெரியலியே!"

கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்குக் காத்திருந்தவள், விடுவாளா? கடைக்காரன் முன்னாலேயே வாங்கு வாங்கென்று வாங்கினாள். சிலுவை கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். இவ்வளவு சந்தோஷமாக அவர் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

சுந்தர்சிங் தான் கொண்டுவந்த புது லித்தியம் பேட்டரியை வைத்து, சார்ஜரையும் அதற்கேற்றதாக மாற்றினான். ஃபேன் சுற்றியது. அண்ணாச்சிக்கு என்ன ஆயிற்று என்று யோசித்துக்கொண்டே பழையதைத் தூக்கிக்கொண்டு போனான்.

சிலுவை வண்டிக்குள் முழங்காலிட்டுக் கட்டிலுக்கு அடியில் வயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஞானசௌந்தரி ஏறி வந்தாள். கையில் ஒரு பாட்டில். மணப்பாட்டில் சவேரியார் தங்கிய குகைக் கிணற்றின் புனிதத் தண்ணீர்.

அவர் கப்பலேறிய ஒவ்வொரு தடவையும் அவருடைய பெட்டியில் அவள் தெளித்து அனுப்பியது இதே தண்ணீரைத்தான். ஒவ்வொரு தடவையும் அவர் பத்திரமாகத் திரும்பி வந்தார். பேட்டரியைக் காட்டி, இதுதான் வண்டிக்கு உயிர் என்று அவர் சொன்ன நாளிலிருந்து, ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அதன் ஆறு மூடிகளையும் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி வந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் அதைச் சிலுவை ஜன்னல் வழியாகப் பார்த்தார். சத்தம் காட்டாமல் உள்ளே போய், லித்தியம் ஒன்று சொல்லிவை என்று சுந்தர்சிங்குக்குப் போன் போட்டார்.

ஞானசௌந்தரி புதுப் பேட்டரியைக் குனிந்து பார்த்தாள். மேலே தடவினாள், பக்கவாட்டில் தடவினாள்.

"ஏங்க, இதுல மூடி எங்கன இருக்கு?"

"இதுல மூடியே கிடையாதுளா."

அவள் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். முகம் வாடத் தொடங்கியது.

சிலுவை முழங்காலிட்டபடியே அவள் பக்கம் நகர்ந்து வந்து, தன் வழுக்கைத் தலையை அந்தப் பாட்டிலுக்கு நேராகக் குனிந்து காட்டினார்.