சேவல் கூவிய நேரம்

வெள்ளை அங்கியின் இரண்டு பைகளிலும் ஒரே நேரத்தில் சேவல் கூவியது.

கோரா சூப் தட்டோடு உணவுக்கூடத்து வரிசையை விட்டு விலகி, கண்ணில் பட்ட மேசையில் தட்டை வைத்தாள். வலது பையில் அவளுடைய கைபேசி. இடது பையில், அறுவை அறைக்குள் இருக்கும் ஷெல்பியுடையது.

நேர்காணல் அழைப்பு வந்தால் மட்டும் சேவல் கூவும்படி இரண்டிலும் வைத்துத் தந்தது ஷெல்பிதான். இந்த ஏற்பாடே அவளுடையது. இருவருக்கும் அமெரிக்காவின் கொலம்பஸில் மருத்துவக் கல்லூரியின் கடைசி வருடம். ஒரே வாடகை வீடு. இருவருக்கும் வேண்டியது ஒன்றே: எலும்பு அறுவைச் சிகிச்சையில் ஒரு ரெசிடென்சி, அதாவது மேற்பயிற்சி இடம்.

கையுறை மாட்டிக்கொண்டு அறுவை அறைக்குள் நிற்பவளால் கைபேசியைத் தொட முடியாது. அந்த நேரத்தில் வெளியே இருப்பவள் இரண்டையும் சுமப்பாள். கடவு எண் இருவருக்கும் தெரியும். மெயில் வந்த நாலு நிமிடத்தில் நேர்காணல் தேதிகள் எல்லாம் போய்விடும். இருக்கிற இடத்தைவிடக் கூடுதலான பேரை அழைத்துவிட்டு, முந்தியவனுக்கே சீட்டு என்று விடுகிற கூத்து அது.

ஷெல்பியிடம் பதினொரு நேர்காணல்கள் சேர்ந்துவிட்டன.

கோராவிடம் இரண்டு. ஒன்று வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. மற்றது பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது.

இரண்டை வைத்துக்கொண்டு மார்ச் மாதம் முடிவு வரும்போது இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மதிப்பெண்ணில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விண்ணப்பக் கடிதத்தில்தான் ஏதோ கோளாறு என்று கோரா நினைத்துக்கொண்டிருந்தாள். அதையும் ஷெல்பிதான் வரிவரியாகப் படித்துப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று தைரியம் சொல்லியிருந்தாள்.

இப்போது இருவருக்கும் அழைப்பு மினசோட்டாவிலிருந்து வந்திருந்தது. ஷெல்பியின் அம்மா வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரம். அங்கே கிடைத்தால் மற்ற எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுவேன் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

பக்கம் திறந்தபோது காலியான தேதிகளாகப் பச்சைக் கட்டங்கள் ஒன்பது இருந்தன. கண்ணெதிரே ஆறாயின. இரண்டாயின.

ஒன்று.

டிசம்பர் பத்தொன்பது, காலை எட்டு மணி.

கோராவின் கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது. இடது பை கனத்தது.

அழுத்தினாள். தன் கைபேசியில்.

அதற்குப் பிறகுதான் மற்றதை எடுத்தாள். எல்லாக் கட்டங்களும் சாம்பல் நிறம். காத்திருப்போர் பட்டியலில் ஷெல்பியின் பெயரைச் சேர்த்தாள். இருபத்தேழாவது இடம்.

சூப் ஆறி ஆடை கட்டிவிட்டது. இரண்டு மணி நேரம் அறுவை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தன்னைப்போல ஒரு கேடுகெட்டவள் இந்தக் கட்டடத்திலேயே கிடையாது என்று தோன்றியது.

கதவு திறந்தது. முகக்கவசம் பதிந்த கன்னத்தோடு ஷெல்பி வந்தாள். கோரா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது.

ஷெல்பி தலையுறையைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். பிறகு அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"ஒரே எடம்தான இருந்துச்சு? விடு கழுதை. உன் எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் பண்ணிருப்பேன்."

கோராவுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. இப்படிப்பட்டவளுக்கா துரோகம் செய்தோம் என்று இன்னும் கொஞ்சம் அழுதாள்.

ஷெல்பி தன் கைபேசியை வாங்கி விரலால் தள்ளிப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"நீ ஒரு அசடுடி. மெயில அப்படியே வச்சிருக்க பாரு! அழிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

கோராவும் சிரித்தாள். பசிக்கிறது என்று சொல்லிவிட்டு ஷெல்பி லிஃப்டில் இறங்கிப் போனாள்.

அழிக்கலாம் என்று தனக்குத் தோன்றவே இல்லையே.

சிரிப்பு முகத்தில் இருந்தபடியே நின்றது. கோரா பெஞ்சில் திரும்ப உட்கார்ந்தாள். இதுவரை எதற்கும் திறக்காத இடம் அது. தன் மெயிலில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. அழிக்கப்பட்டவை.

பீட்சா தள்ளுபடி. காலணிக் கடை விளம்பரம். அதற்குக் கீழே, அயோவாவிலிருந்து நேர்காணல் அழைப்பு. ஏற்கெனவே திறந்து படிக்கப்பட்டிருந்தது.

இன்னும் கீழே கென்டக்கி. அதற்கும் கீழே ஓரிகன். இருபத்து நான்கு தேதிகள் இருக்கின்றன, விருப்பமானதைத் தேர்ந்தெடுங்கள் என்று எழுதியிருந்தது.

கோரா அங்கியின் உள்பையிலிருந்து தன் பயிற்சிக் குறிப்பேட்டை எடுத்தாள். உள்ளே நின்ற அறுவைச் சிகிச்சைகளை மாணவர்கள் நாள்வாரியாக எழுதி வைக்கும் நோட்டு. அயோவா வந்த வியாழன், இடுப்பு மாற்று, ஆறு மணி நேரம். கென்டக்கி வந்த செவ்வாய், முதுகெலும்பு. ஓரிகனுக்கு முழங்கால்.

மூன்று நாளும் அவள் கையுறையோடு உள்ளே நின்றிருக்கிறாள்.

இன்னும் கீழே தள்ளினாள். திரை அதற்கு மேல் நகரவில்லை. கடைசியில் சின்ன எழுத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது: முப்பது நாளுக்கு மேலானவை தானாகவே நிரந்தரமாக நீக்கப்படும்.

அழைப்புகள் வரத் தொடங்கி நாற்பத்தைந்து நாளாகிறது.