தியாகியின் தொகுதி

வேட்புமனு தாக்கலுக்கு இரண்டே நாள் இருக்கையில், தலைவர் சிறையில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டார் என்ற செய்தியைக் கட்சிச் செயலாளர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரன் உடலைக்கூடத் தரவில்லை.

“அண்ணி, அண்ணன் இடத்துல நீங்கதான் நிக்கணும். ஊரே அழுவுது. எதிராளிக்கு டெபாசிட்கூடத் தேறாது.”

“எனக்கு என்ன தம்பி தெரியும்?”

“மேடையில வந்து நின்னாப் போதும்.”

தலைவரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தார். செயலாளர் போனதும் வாசற்கதவைத் தாழிட்டு மாடியறைக்கு ஏறினார். ஓராண்டாக அங்கே ஒளிந்திருந்தவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

“நீ பாட்டுக்குத் தலையாட்டுறே? நான் வெளியே வந்து உண்மையைச் சொல்லிடுறேன்.”

“என்னன்னு? போலீசு வந்தன்னைக்குப் பயந்துபோய், உங்க ஜாடையில இருந்த உங்க கூடப்பிறந்த தம்பியை உங்க பேர்ல ஜெயிலுக்கு அனுப்பினேன்னு சொல்லுவீங்களா?”

 தலைவர் மெல்லக் கேட்டார்.

“அப்ப நான்?”

“நீங்கதான் செத்துட்டீங்களே. நாளைக்குக் கூட்டத்துல நான் படிக்கணும். உங்க சாவைப் பத்தி உருக்கமா ரெண்டு பக்கம் எழுதி வைங்க.”

மனைவி வெளியே வந்து அறையைப் பூட்டினார். உள்ளே தலைவர் பேனாவைத் திறந்தார். இறந்துபோன தம்பிக்காக அந்த வீட்டில் யாரும் அழவில்லை.